மேஸ்திரியின் குரலில் ஒரு தோத்திரம்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் மாலையைப் போட்ட கையோடு இளவட்டங்கள் ஒரு கேள்வியையும் போட்டார்கள்.

"அண்ணாச்சி, ஹாட்ச் வாயில நிக்கவன் வாயே தொறக்கக் கூடாது, கையாலதான் சாடை காட்டணும்னு நம்ம கம்பெனியில மட்டும் ஒரு சட்டம் இருக்கே. அது எந்த மகராசன் போட்ட சட்டம்?"

போட்டது ஒரு துரை. போட வைத்த மகராசன் நான். அன்றைக்கு மாலை கனமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பிறகு எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் வாய்தவறி இதைச் சொல்லப்போக, அவர் பிடித்துக்கொண்டார். ஸ்தோத்திரப் பண்டிகை மலருக்கு எழுதித் தரவேண்டுமாம். "அன்றாடம் ஆண்டவர் தருகிற சின்னச் சின்ன நன்மைகளை ஒரு பட்டியலாப் போட்டுத் தந்தாலே போதும்" என்றார். பட்டியல் போட எனக்கு வராது. நான் எழுதக்கூடியது அந்த ஸ்தோத்திரம் என்கிற வார்த்தையை வைத்து நான் செய்த காரியத்தைத்தான். ஐயர் படித்துவிட்டு வேண்டாம் என்றால் அதற்கும் எனக்கு வருத்தமில்லை.

அந்தக் காலத்தில் பெரிய கப்பல் எதுவும் தூத்துக்குடிக் கரையை நெருங்காது. ஆழம் கிடையாது. ஐந்தாறு மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். நாங்கள் காலையில் தோணியில் போய்க் கயிற்றேணி பிடித்துக் கப்பலில் ஏறுவோம். கப்பல் வயிற்றிலிருக்கும் சரக்கை மேலே தூக்கி, பக்கத்தில் கட்டியிருக்கும் தோணிகளில் இறக்குவோம். நாசரேத்துப் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்போடு கிளம்பி வந்த எனக்கு, முதல் ஒரு வருஷம் கயிறு முடியவும், முடிந்த கயிற்றை அவிழ்க்கவும், இரண்டுக்கும் நடுவே வாந்தி எடுக்கவும் சரியாக இருந்தது. முதல் நாளே மானம் போயிற்று. நான் மேல்தளத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், யாரோ "அபீஸ்! அபீஸ்!" என்று கத்துகிறார்கள். ஆபீஸில் கூப்பிடுகிறார்கள், வந்த அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பப் போகிறார்கள் என்று பயந்துபோய், ஏணியில் பாதி தூரம் இறங்கிவிட்டேன். கப்பல்காரர்கள் பேச்சில் 'அபீஸ்' என்றால் தூக்கு. 'ஆரியா' என்றால் இறக்கு. அது எந்த ஊர்ப் பாஷையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் கடலில் பிழைக்க அந்த இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டும் எனக்குச் சமயத்தில் உதவாமல் போன கதை இது.

எங்கள் மேஸ்திரி மிக்கேல். கடற்கரைத் தெருக்காரர், கத்தோலிக்கர். இந்தக் கதை நடந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும், என்னைவிட நாலைந்து வயது கூட. தலையில் எப்போதும் ஒரு சிவப்பு லேஞ்சியைக் கட்டியிருப்பார். குரல் மட்டும் உடம்பைவிட இரண்டு மடங்கு பெரியது. அந்தக் குரலில் இரண்டே சரக்குதான் வரும். ஒன்று வசவு. மற்றொன்று தோத்திரம்.

"ஏலே, பீப்பாத் தண்ணி இன்னிக்கு உப்புக் கரிக்கலடே. தோத்திரம்!"

"ஒரே குச்சியில பீடி பத்திக்கிட்டு பாரு. தோத்திரம்!"

"ஏணி வழுக்கல. தோத்திரம்! ஏலே மூதி, மேல பாத்து ஏறு!"

இப்படி நாளைக்கு நூறு. நான் புராட்டஸ்டண்ட், கிராமத்துச் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியாரின் மகன். எங்கள் அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் செய்கிற ஜெபத்தில் கஞ்சி ஆறி ஏடு கட்டிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு ஸ்தோத்திரம் என்பது ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை மாதிரி. பீடிக்கும் ஏணிக்கும் அதை எடுத்து உடுத்துகிறாரே என்று எனக்குச் சிரிப்பாக வரும். "மேஸ்திரி, எங்க ஸ்தோத்திரத்துல ஒரு 'ஸ்' உண்டு. உங்களுக்கு அது கிடையாது. ரெண்டு சபைக்கும் நடுவுல நிக்கது அந்த 'ஸ்' ஒண்ணுதான்" என்று வம்புக்கு இழுப்பேன். "போல உபதேசியார் மவனே. அந்த 'ஸ்' வெளிய வாரதுக்குள்ள நான் ரெண்டு தோத்திரம் சொல்லிருவேன்" என்பார்.

மாலையில் தோணி கரைக்குத் திரும்பும்போது அவரைப் போலவே பேசிக் காட்டுவது என் வேலை. துண்டைத் தலையில் லேஞ்சி மாதிரி கட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அந்தக் குரலை எடுத்து, "காத்து அடிக்கி, தோத்திரம்! காத்து நின்னுட்டு, தோத்திரம்! ஒங்க அம்மை என்னைப் பெறல, தோத்திரம்!" என்பேன். தோணி குலுங்கும். மேஸ்திரியும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். "சத்தம் என்னோடதுதாம்ல. மூஞ்சிதான் சரியில்ல" என்பார். குரல் அவ்வளவு பொருத்தம். எனக்கு அதில் பெரிய பெருமை.

இனி நாங்கள் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் கிணறு மாதிரி ஒரு சதுரக் குழி இருக்கும். அதுதான் ஹாட்ச். குழிக்கு அடியில் ஆறு பேர். கயிற்றைத் தரையில் வளையமாக விரித்து, அதன்மேல் மூட்டைகளை அடுக்கி, கயிற்றின் இரண்டு பக்கத்தையும் மேலே சேர்த்துக் கொக்கியில் மாட்டுவார்கள். இந்தக் கட்டுக்கு சிலிங்கு என்று பெயர். கொக்கியை மாட்டியதும் ஆறு பேரும் ஓரத்துக்கு ஒதுங்கிவிட வேண்டும். குழியின் விளிம்பில் நின்று மேஸ்திரி உள்ளே பார்ப்பார். பத்தடி தள்ளி, கொக்கியைத் தூக்கி இறக்குகிற நீராவி விஞ்சுக்குப் பின்னால் நிற்பவர் சுடலை. அவருக்குக் குழிக்குள் எதுவும் தெரியாது. நீராவிப் புகையில் மேஸ்திரியே பாதிதான் தெரிவார். "எனக்குக் காதுதான் கண்ணு" என்பார் சுடலை.

மேஸ்திரி என்ன செய்வார் என்றால், உள்ளே ஒதுங்கி நிற்கிற தலைகளை எண்ணுவார். உதடு அசையும். ஆறும் சரியாக இருந்தால், "தோத்திரம்!" என்பார். ஒரு மூச்சு விட்டு, "அபீஸ்!" என்பார். விஞ்சு தூக்கும்.

வருஷக்கணக்காக இப்படியே நடந்ததில் ஒரு காரியம் யாருக்கும் தெரியாமலே நடந்துவிட்டது. சுடலை 'அபீஸ்' வரைக்கும் காத்திருப்பதை விட்டுவிட்டார். தோத்திரம் என்றதுமே கை போய்விடும். அபீஸ் என்னும்போது சிலிங்கு ஒரு முழம் எழும்பியிருக்கும். சுடலை, ஊர்க் கோயிலில் கிடாய் வெட்டுகிற ஆள். அவருக்குத் தோத்திரம் என்றால் சாமிக்கு நன்றி என்பதெல்லாம் தெரியாது. தூக்கு என்பதற்குக் கிறிஸ்தவர்கள் சொல்லும் வார்த்தை என்றே நினைத்திருக்கிறார். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. ஹாட்ச் வாயில் நின்று எண்ணி முடிக்காமல் மேஸ்திரி ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம். அரிசிக் கப்பல் ஒன்று வந்து நின்றது. ஊரில் ரேஷன் கடை வாசலில் ஜனம் நின்றுகொண்டிருந்த சமயம். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று வேறு. காலையிலிருந்தே கடல் பொங்கியது, கப்பல் மெதுவாக ஆடியது. பத்து மணி வாக்கில் கீழே கட்டியிருந்த தோணிகள் இரண்டு ஒன்றோடொன்று இடித்து, ஒரு தோணியில் பலகை பெயர்ந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. அரிசி நனைகிறது என்று கூச்சல். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, நான் கீழ போயிட்டு வாரேன். இங்கன நில்லு. ஆறு தல எண்ணு. சும்மா வாயை வச்சுக்கிட்டு நிக்காத, கண்ணை வச்சுக்கிட்டு நில்லு."

அதற்கு முன்னால் நாலைந்து தரம் நின்றிருக்கிறேன். புதிது ஒன்றும் இல்லை. ஆனாலும் ஹாட்ச் விளிம்பில் கால் வைத்தால் எனக்குப் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளாமல் ஒரு பாட்டு முணுமுணுப்பேன். மூன்று சிலிங்கு நன்றாகப் போனது. எண்ணினேன், அபீஸ் என்றேன், போனது. நாலாவது எழும்பும்போது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிலிங்கு ஊஞ்சல் மாதிரி வீசி, ஹாட்ச் விளிம்பில் மோதி, ஒரு மூட்டை கிழிந்தது. அரிசி மழையாகக் கொட்டியது. "ஆரியா! ஆரியா!" என்று கத்தினேன். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன் என்று தயவுசெய்து குறித்துக்கொள்ளவும். சுடலை இறக்கினார். சிலிங்கு ஒருச்சாய்ந்து கீழே உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை.

அப்போது என் கண் திறந்திருந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மூடியிருந்தேன். கண்ணை இறுக மூடி, நெஞ்சில் கையை வைத்து, தப்பித்தோமே என்று ஒரு பெருமூச்சு. அந்த மூச்சோடு வாயில் வந்தது அந்த வார்த்தை.

"தோத்திரம்!"

பயத்தில் முதலில் போனது எங்கள் சபையின் 'ஸ்'. இரண்டாவதாகப் போனது என் சொந்தக் குரல். இத்தனை நாளாகத் தோணியில் சொல்லிச் சொல்லிப் பழகிய மேஸ்திரியின் குரல்தான் அடிவயிற்றிலிருந்து அப்படியே கணீரென்று வந்தது. அந்த வார்த்தையை என் சொந்தக் குரலில் நான் வேலை நாளில் சொல்லிப் பழகியதே இல்லையே.

சுடலை தூக்கினார்.

கீழே ஆறு பேரில் ஒருவனான இசக்கிமுத்து, சரிந்த சிலிங்கை நிமிர்த்துவதற்காக வலது கையைக் கயிற்றுக்கும் மூட்டைக்கும் நடுவே விட்டிருந்தான். ஆற்றங்கரை ஊர்க்காரன். வயலில் நாற்றுக் கட்டு தூக்கிப் பழகியவன், என்னைவிடச் சின்னவன். கயிறு இறுகியது. கையோடு ஆளையும் தூக்கிக்கொண்டு போயிற்று. ஆறடி உயரத்தில் இடது கையால் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி அவன் தொங்கினான். அவன் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

இப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 'ஆரியா' என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த கடல் வார்த்தையே இரண்டுதான். அந்த இரண்டில் எது தூக்குவது, எது இறக்குவது என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. மாற்றிச் சொன்னால் கை துண்டாகப் போகும். சொல்லாவிட்டாலும் போகும். நான் ஓடினேன். எங்கே என்று கேட்டால், ஹாட்சை விட்டு எதிர்ப்பக்கமாக. இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு, "மேஸ்திரி! ஐயோ மேஸ்திரி!" என்று புகைக்குள் ஓடினேன். என் முட்டாள்தனத்தில் ஆண்டவர் ஒரு வசதி செய்து வைத்திருந்தார். குழிக்குள் நடப்பது தெரியாத சுடலைக்கு, எதிரே ஒரு பைத்தியக்காரன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. விஞ்சை நிறுத்திவிட்டார்.

மேஸ்திரி அதற்குள் அலறல் கேட்டு ஏணியில் ஏறி வந்துவிட்டார். விளிம்பில் ஒரு பார்வை. பிறகு அந்தப் பெரிய குரலை அவர் பாதியாக்கி, கால்வாசியாக்கி, பிள்ளைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

"ஆரியா, சுடல. மெள்ள. இன்னும் மெள்ள. நில்லு. இப்பம் ஆரியா."

இசக்கியின் கால் தரையைத் தொட்டது. மேஸ்திரி கீழே இறங்கிப் போய்த் தலையில் இருந்த லேஞ்சியை அவிழ்த்துக் கையைச் சுற்றினார். சிவப்பில் சிவப்பு தெரியாது என்பதைத் தவிர அந்தக் கட்டால் பெரிய பலன் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கரைக்குத் தோணி விட்டால் எதிர்க்காற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. மேஸ்திரி இசக்கியின் கையை மேலே தூக்கிப் பிடித்தபடியே வந்தார், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான், நான் தோணி ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டு வந்தேன். வழி நெடுகிலும் மேஸ்திரி ஒரு தோத்திரம்கூடச் சொல்லவில்லை. அது எனக்கு அலறலைவிட மோசமாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மோதிர விரல் நொறுங்கியிருந்தது, நடுவிரலில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. "கட்டுப் பிரிக்கும்போதுதான் தெரியும். மடங்கினால் மடங்கும், இல்லாவிட்டால் இல்லை" என்றார் டாக்டர். வலது கை. மூட்டை தூக்குகிற கை, உண்கிற கை. இசக்கிக்குப் பேச்சி என்று மனைவி, இரண்டு கைப்பிள்ளைகள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் ஆபீஸில் விசாரணை. இந்தத் தடவை நிஜமான ஆபீஸ். துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்று பெரிய கிளார்க்கு தமிழில் கேட்டு இங்கிலீஷில் சொன்னார். முதலில் சுடலையைக் கேட்டார்கள், தூக்கச் சொல்லிச் சத்தம் கொடுத்தது யார் என்று.

"மேஸ்திரிதான். அவர் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றார் சுடலை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதில் அப்படித்தான் விழுந்தது.

நான் அப்போது கீழே இருந்தேன், தோணியில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும் என்றுகூட மேஸ்திரி சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது என் மனதில் ஓடியதை மறைத்தால் இந்தக் கட்டுரையை எழுதியே பிரயோஜனம் இல்லை. 'சும்மா இருந்துவிடு' என்று ஓடியது. சுடலையே சொல்லிவிட்டார், மேஸ்திரியும் மறுக்கவில்லை. உனக்கென்ன? என் வேலை தப்பிக்கிறதே என்று உள்ளுக்குள் நன்றி சொல்லக்கூட வாய் எடுத்தேன். கப்பலில் வந்த அதே பெருமூச்சு. அது மறுபடியும் நெஞ்சில் கிளம்புகிறபோதுதான் எனக்கு உறைத்தது. நான் தப்பித்தேன் என்று நன்றி சொல்கிற நேரத்தில், கீழே ஒருத்தன் கை கயிற்றுக்குள் இருக்கிறது. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

பெரிய கிளார்க்கு நம்பவில்லை. மேஸ்திரியைக் காப்பாற்ற நாடகம் ஆடுகிறேன் என்று நினைத்தார். "அவர் குரலில் நீ சொன்னாயா? எங்கே, இப்போது சொல்லிக் காட்டு" என்றார்.

நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தேன். "தோ" என்று ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. துரை ஜன்னல் பக்கம் பார்த்தார், கோழிக்குஞ்சு ஏதும் உள்ளே வந்துவிட்டதோ என்று. மறுபடியும் முயன்றேன். அதைவிட மோசம். வருஷக்கணக்காகத் தோணியை அதிர வைத்த குரல், தேவைப்பட்ட அன்றைக்குக் காணோம்.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே மூதி! தொண்டையில இருந்தா நான் சொல்லுதேன்? வயித்துல இருந்து எடுல! காலை அகட்டி நில்லு. மூச்சை இழு. இழுத்தியா? இப்பம் விடு!"

விட்டேன். "தோத்திரம்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓரமாக நின்றிருந்த சுடலையின் வலது கை சடாரென்று முன்னால் போய், இல்லாத விஞ்சின் பிடியைப் பிடித்துத் திருகியது. எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அதைக் கடைசியாகப் பார்த்தவர் சுடலை.

"ஐயையோ" என்றார் அவர், மெதுவாக.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. எனக்கு ஒரு மாதம் வேலை கிடையாது. இனி ஹாட்ச் வாயில் நிற்பவன் யாராக இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது, கைச்சாடை மட்டும்தான். விஞ்சுக்காரன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் அவன் நிற்க வேண்டும். இளவட்டங்கள் கேட்ட சட்டம் இப்படித்தான் பிறந்தது.

வெளியே வந்ததும் மேஸ்திரியிடம் கேட்டேன். "என்னால உங்க வாயைக் கட்டிட்டாங்களே. வருத்தமா?"

"என்னத்துக்குல வருத்தம்?"

"இனிமே தோத்திரம் சொல்ல முடியாதே."

"சாமிக்குக் காது கேக்காதுன்னா நான் சத்தம் போட்டேன்? எனக்குக் கேக்கணும்னுல்லா போட்டேன். நான் வசவுக்காரப் பயல்டே. அதச் சொல்லாட்டி நாள் முச்சூடும் கெட்டதுதான் கண்ணுல படும்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். "ஆறு தல எண்ணச் சொன்னேம்லா? எண்ணுனியா?"

"நாலாவது எறங்கின பொறவு எண்ணல."

"எண்ணாமச் சொன்னா அது தோத்திரம் இல்லடே. ஏப்பம்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

வேலை இல்லாத அந்த மாதத்தில் நான் இசக்கி வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பேச்சி பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு உப்பளத்து வேலைக்குப் போய்விடுவாள், மத்தியானம் அவனுக்குச் சோறு கொடுக்க ஆள் கிடையாது. கழுத்திலிருந்து தொங்கும் துணியில் வலது கை கிடக்கும். இடது கையால் உண்ண அவனுக்கு மனம் வரவில்லை. பேச்சி மூடி வைத்துவிட்டுப் போன சோறு மாலையில் அப்படியே இருக்கும். முதல் நாள் நான் வாசலில் நின்றபோது, "எதுக்கு வந்தேரு? அடுத்த கையையும் எடுக்கவா?" என்றான். நான் உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டே இருந்தான். பசி திறந்துவிட்டது.

ஒரு வளர்ந்த ஆளுக்கு இன்னொரு வளர்ந்த ஆள் ஊட்டுவது லேசான காரியம் இல்லை.

"வே, என்ன இது, சிலிங்கு மாதிரி இம்மாம் பெரிசாத் தூக்குதேரு? வாய்க்குள்ள போவுமா?"

"இந்தா, சின்னது."

"இது கோழிக்கு. மனுசனுக்குப் பிசையும்."

"மீனைக் காணோமே, எடுத்து வைக்கவா?"

"முள்ளை எடுத்துட்டு வையும். கையும் போயி தொண்டையும் போவணுமா?"

முள் எடுக்கையில்தான் கவனித்தேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் முள்ளைத் தேடுகின்றன. நடுவிரல் மீனை அமுக்கிப் பிடிக்கிறது. மற்ற இரண்டும் சோறு சிந்தாமல் அடியில் கிண்ணம் மாதிரி வளைந்து நிற்கின்றன. வாய்க்குப் போகும்போது பெருவிரல் பின்னால் வந்து தள்ளுகிறது. யாரும் சத்தம் கொடுக்காமல், யாரும் எண்ணாமல், ஐந்து ஆட்கள் ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் இந்தக் கையால் மூன்று வேளை தின்றிருக்கிறேன். அப்பாவின் நீளமான ஜெபங்கள் எல்லாவற்றிலும் இது ஒரு தரம்கூட வந்ததில்லை, என் ஜெபத்திலும் வந்ததில்லை.

அதை நினைத்துக்கொண்டே ஒருநாள் கவளத்தைக் கையில் எடுக்கும்போது, என்னை அறியாமல் வாய்க்குள் "ஸ்தோத்திரம்" என்றேன். அன்றைக்கு 'ஸ்' இருந்தது. மெதுவாகத்தான் சொன்னேன், என் சொந்தக் குரல்தான். ஆனால் இசக்கியின் உடம்பு தூக்கிப்போட்டது. கட்டுப் போட்ட கையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்வரைக்கும் போய்விட்டான். வேர்த்துவிட்டது.

"வே," என்றான் பிறகு, "உம்ம சாமி நல்லவராத்தான் இருப்பாரு. ஆனா அந்த வார்த்தைய எங்க வீட்டுல சொல்லாதேயும்."

சொல்லவில்லை. அந்த மாதம் முழுவதும் அவனுக்கு ஊட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால், கண்ணை மூட முடியவில்லை. திறந்த கண்ணோடு கையைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சொல்ல முடிந்தது.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. பேச்சி உப்பளத்துக்குப் போகாமல் கூட வந்தாள். கடைசித் துணியை எடுத்ததும் டாக்டர், "மடக்கு" என்றார். பெருவிரல் மடங்கியது. ஆள்காட்டி விரல் மடங்கியது. நடுவிரல் நடுங்கிக்கொண்டே முக்கால்வாசி வந்தது. மோதிர விரல் கம்பி மாதிரி நின்றது, அசையவில்லை. "பழகப் பழக வரலாம். இவ்வளவு வந்ததே பெரிசு" என்றார் டாக்டர். வரலாம் என்றுதான் சொன்னார். வரும் என்று சொல்லவில்லை. இசக்கி அதை நல்லது என்றும் எடுத்துக்கொள்ளவில்லை, கெட்டது என்றும் எடுத்துக்கொள்ளவில்லை. வழியெல்லாம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான், அடுத்த வீட்டுக்காரனுடைய கையைப் பார்ப்பது மாதிரி.

வீட்டுக்கு வந்ததும், "ஏளா பேச்சி, சோத்தை வையி" என்றான்.

நான் வழக்கம்போலக் கை கழுவப் போனேன்.

"நீரு அங்கனயே உக்காரும்."

உட்கார்ந்தேன். அவன் வலது கையைத் தட்டில் வைத்தான். குழம்பை ஊற்றிப் பிசைந்தான். முதல் கவளத்தை எடுத்தபோது சுண்டுவிரல் இல்லாத பக்கமாகச் சோறெல்லாம் சரிந்து மடியில் விழுந்தது. பேச்சி எடுத்துப் போடக் குனிந்தாள். "விடுளா" என்றான். இரண்டாவது வாய்வரைக்கும் வந்து தாடையில் அப்பியது. மூன்றாவதற்கு அவன் கையைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்துக்கொண்டான், வளையாத விரலைத் தட்டின் விளிம்பில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மூன்று விரலால் திரட்டினான். மெதுவாகத் தூக்கினான். இன்னும் மெதுவாக. வாய்க்குள் போயிற்று. மென்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. குழம்பில் காரம் கூட என்று பேச்சியை ஏசினான்.

பேச்சி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கதவோரம் போய்விட்டாள். என் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி மேலே வந்தது. அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும், அந்த வீட்டில் சொல்லக் கூடாது என்றும் தெரியும். ஆனாலும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

இசக்கி அதைப் பார்த்துவிட்டான். அடுத்த கவளத்தை மூன்று விரலால் திரட்டி, பாதியைச் சிந்தி, மீதியைக் கொண்டுவந்து என் வாய்க்குள் திணித்தான்.

"முதல்ல இதைத் தின்னும்வே. பொறவு சொல்லிக்கிடலாம்."

காரம் நிஜமாகவே கூடத்தான். நான் மென்றுகொண்டே இருந்தேன்.